அட்டாக் ஆட்டத்துக்கு எந்த பிளேடு? டேபிள் டென்னிஸ் பேட்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஜூலை 30 அன்று சீனாவின் வாங் சூச்சின், சுன் யிங்ஷா ஜோடி டேபிள் டென்னிஸ் கலப்பு இரட்டையரில் தங்கம் வென்றது. படம் எடுக்க முண்டியடித்த புகைப்படக்காரர்களின் காலடியில் சிக்கி வாங் சூச்சினின் பேட் உடைந்துபோனது. மறுநாள் மாற்று பேட்டுடன் ஒற்றையர் ஆட்டத்தில் இறங்கிய அவர், 32 பேர் சுற்றிலேயே சுவீடனின் ட்ரூல்ஸ் மோரேகார்டிடம் 4-2 என்ற கணக்கில் தோற்றார். அப்போது அவர் உலகின் முதல்நிலை வீரர்.

தோல்விக்கு பேட் மீது பழிபோட அவர் முன்வரவில்லை. ஆனால் டேபிள் டென்னிஸ் ஆடுகிறவர்கள் அத்தனை பேருக்கும் அந்தச் சம்பவம் ஒரு விஷயத்தை நினைவூட்டியது. கைக்குப் பழகிய பேட் என்பது வெறும் பொருள் அல்ல. ஆண்டுக்கணக்கில் சேர்த்த பழக்கம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

உலகின் முதல்நிலை வீரருக்கு மாற்று பேட் பையிலேயே இருக்கும். அரியலூரிலோ பெரம்பலூரிலோ மாவட்ட அளவில் ஆடும் ஒரு பிளஸ் 1 மாணவருக்கு இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு பேட். அதை மாற்றுவது என்றால் வீட்டில் ஒரு மாதச் செலவைத் தள்ளிவைத்துத்தான் மாற்ற வேண்டும். எனவே எந்த பிளேடை வாங்குவது என்ற கேள்வி அங்கே இன்னும் கனமானது.

ஏன் இது சாதாரணக் கேள்வி இல்லை?

பள்ளி விளையாட்டுப் போட்டிகள் குறுவட்டத்தில் தொடங்கி மாவட்டம், மாநிலம் என்று மேலே போகின்றன. 14, 17, 19 வயதுப் பிரிவுகள் உண்டு. ஒரு பிரிவில் ஒருவருக்குக் கிடைப்பது இரண்டு, மூன்று சீசன்தான். மாநிலப் போட்டியில் கிடைக்கும் சான்றிதழ், பின்னால் கல்லூரிச் சேர்க்கையிலும் அரசு வேலையிலும் உள்ள விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு உதவலாம். ஹாக்கியில் அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடியதைப் பார்த்த மாவட்டம் இது. கனவு காணக் காரணம் இருக்கிறது.

இந்த நிலையில், தவறான பிளேடை வாங்கி அதோடு ஆறு மாதம் மல்லுக்கட்டினால் போவது பணம் மட்டுமல்ல, ஒரு சீசனும்தான். அதைவிடப் பெரிய நஷ்டம், இந்த ஆறு மாதத்தில் கைக்கு வந்து ஒட்டிக்கொள்ளும் தப்பான பழக்கம்.

பயிற்சிக் கூடங்களில் அடிக்கடி நடப்பது இதுதான். பையன் நன்றாக ஆடுகிறான், மாவட்ட அளவில் ஜெயிக்கிறான். "இனிமே கார்பன் பேட் போட்டுடலாம்" என்று யாரோ சொல்கிறார்கள். இருப்பதிலேயே வேகமான பிளேடு வருகிறது. முதல் வாரம் ஒரே உற்சாகம். இரண்டாவது வாரம் "பந்து வெளியே போயிடுதே" என்ற புலம்பல். பந்து வெளியே போகாமல் இருக்க அவன் கையை முழுதாக வீசாமல் பாதியிலேயே நிறுத்தப் பழகுகிறான். வீச்சு குறைந்தால் ஸ்பின் குறையும். ஸ்பின் குறைந்தால் பந்து வளைந்து மேசையில் இறங்காது. அதனால் இன்னும் பயந்து, இன்னும் மெதுவாக அடிக்கிறான்.

பிளேடு அளவுக்கு மீறி வேகமானால் கை மெதுவாகிவிடும். அட்டாக் ஆட்டக்காரர் பிளேடு வாங்கும்போது நினைவில் வைக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

பிளேடு என்பது எது?

ரப்பர் ஒட்டாத வெறும் மரப் பகுதி, கைப்பிடியோடு சேர்த்து, பிளேடு எனப்படும். இதன் இரண்டு பக்கமும் தனித்தனியாக ரப்பர் வாங்கி ஒட்டினால் அது பேட். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் பேட் தொடக்கநிலை ஆட்டக்காரர்களுக்குப் போதும். போட்டிகளில் ஆடுகிறவர்கள் பிளேடையும் ரப்பரையும் தனித்தனியாகத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ரப்பர் சில மாதங்களில் தேய்ந்துவிடும், மாற்றியாக வேண்டும். நல்ல பிளேடு பல ஆண்டுகள் உழைக்கும்.

சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பின் விதிப்படி பேட்டின் அளவு, வடிவம், எடை எதற்கும் கட்டுப்பாடு இல்லை. பாரிஸில் வாங் சூச்சினை வீழ்த்தி வெள்ளி வரை போன மோரேகார்டு ஆடியது அறுகோண வடிவ பேட்டில்தான். ஆனால் பிளேடு தட்டையாகவும் வளையாததாகவும் இருக்க வேண்டும். தடிமனில் குறைந்தது 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும். மர அடுக்குகளை ஒட்டும் இடத்தில் கார்பன் இழை, கண்ணாடி இழை போன்றவற்றைச் சேர்க்கலாம். அப்படிச் சேர்க்கும் ஒரு அடுக்கு, மொத்தத் தடிமனில் 7.5 சதவீதம் அல்லது 0.35 மி.மீ, இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். 5.8 மி.மீ தடிமனுள்ள ஒரு பிளேடில் ஏறக்குறைய 4.9 மி.மீ மரமாகத்தான் இருந்தாக வேண்டும். "கார்பன் பேட்" என்று சொல்லி விற்கப்படுவதும் உண்மையில் மர பேட்தான். உள்ளே இருப்பது மெல்லிய இழை மட்டுமே. எனவே முதலில் மரத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

வேகம் எங்கிருந்து வருகிறது?

பந்து பேட்டில் படும் நேரம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்த நொடிக்குள் பிளேடு எவ்வளவு வளைந்து நிமிர்கிறது என்பதே வேகத்தையும் கையில் கிடைக்கும் உணர்வையும் தீர்மானிக்கிறது. அதிகம் வளையும் பிளேடில் பந்து சற்று கூடுதல் நேரம் தங்குவதுபோல் இருக்கும். ஸ்பின் ஏற்ற வசதியாக இருக்கும். வளையாத பிளேடில் பந்து பட்டதும் தெறித்துப் போகும்.

வளைவதைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று தடிமன். ஒரே மரத்தில், விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். 5.5 மி.மீ பிளேடுக்கும் 6.5 மி.மீ பிளேடுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு மில்லிமீட்டர். ஆனால் விறைப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல் கூடிவிடும். ஆன்லைனில் இரண்டு பிளேடுகளை ஒப்பிடும்போது தடிமன் எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, மர வகை. தஞ்சாவூரில் வீணை செய்ய ஏன் பலாமரத்தைத் தேடுகிறார்கள் என்று கேட்டால், மரத்துக்கு மரம் அதிர்வு மாறும் என்பார்கள். பிளேடிலும் அதேதான். வெளி அடுக்கில் பெரும்பாலும் ஆப்பிரிக்க மரங்களான கோட்டோ, லிம்பா இரண்டில் ஒன்று இருக்கும். கோட்டோ கெட்டியானது, பந்து சுள்ளென்று கிளம்பும். லிம்பா சற்று மென்மையானது. பந்தைப் பிடித்து இழுக்கும் உணர்வு கூடுதல். நடு அடுக்கில் ஆயுஸ் அல்லது கிரி இருக்கும். கிரி எடை குறைந்த மரம். ஜப்பானில் துணி வைக்கும் பெட்டிகள் செய்யப் பயன்படுவது. ஹினோக்கி என்ற ஜப்பானிய சைப்ரஸ் மரத்தில் செய்த பிளேடுகளும் உண்டு. அவற்றில் பந்தின் அதிர்வு கைக்கு இதமாக வரும்.

மரம் மட்டுமே கொண்ட அட்டாக் பிளேடுகள் இரண்டு வகை. ஐந்து அடுக்கு பிளேடு பொதுவாக வளைந்து கொடுக்கும், ஸ்பின் ஆட்டத்துக்குத் தோதானது. ஏழு அடுக்கு பிளேடு கூடுதல் கனம், கூடுதல் உறுதி. பந்தைத் தட்டையாக அடித்து ஆடுகிறவர்களுக்கும் பிளாக் செய்கிறவர்களுக்கும் பிடிக்கும். ஸ்டிகாவின் கிளிப்பர், ஏழு அடுக்கு வகையில் பல தலைமுறை பார்த்த பிளேடு.

கார்பன் எந்த இடத்தில் இருக்கிறது?

"கார்பன் இருக்கா இல்லையா" என்பதைவிட, "கார்பன் எங்கே இருக்கு" என்பதே சரியான கேள்வி. அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களின் வெட்டு முகத்தைப் பார்த்தவர்களுக்கு, படிவுகள் அடுக்கடுக்காக இருப்பதும் எந்த அடுக்கு எந்த ஆழத்தில் என்பதே முக்கியம் என்பதும் தெரியும். பிளேடின் ஓரத்தை உற்றுப் பார்த்தாலும் அதேபோல் அடுக்குகள் தெரியும். கறுப்பாகவோ நிறமாகவோ ஒரு கோடு ஓடும். அதுதான் இழை.

அந்தக் கோடு வெளி அடுக்குக்கு நேர் கீழே இருந்தால் அது அவுட்டர் வகை. மிதமாக அடித்தாலும் பந்து வேகமாகக் கிளம்பும். நடு மரத்தை ஒட்டி உள்ளே இருந்தால் அது இன்னர் வகை. மெதுவாகத் தொடும்போது மர பிளேடு போலவே இருக்கும். முழு வீச்சில் அடிக்கும்போதுதான் இழையின் பலம் வெளியே வரும். சர்வீஸ் எடுப்பது, குட்டையாகப் போடுவது, புஷ் செய்வது போன்ற நுணுக்கமான வேலைகளில் இன்னர் வகை கைக்குள் அடங்கும்.

இழையிலும் வகைகள் உண்டு. வெறும் கார்பன் விறைப்பானது. கார்பனுடன் அரிலேட் என்ற இழையைச் சேர்த்துப் பின்னினால் அதிர்வு குறைந்து, தொடு உணர்வு இதமாகும். பட்டர்ஃபிளை நிறுவனம் ஏஎல்சி என்று சுருக்கமாகக் குறிப்பிடுவது இதைத்தான். சைலான் இழை சேர்த்த இசட்எல்சி அதைவிடத் துள்ளல் கூடியது.

இந்த இரண்டு வழிகளுக்கும் சாம்பியன்கள் சாட்சி. 2012 லண்டன் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஜாங் ஜிகே ஆடியது அவுட்டர் வகையைச் சேர்ந்த விஸ்காரியா பிளேடில். 2016 ரியோவிலும் அடுத்து டோக்கியோவிலும் ஒற்றையர் தங்கம் வென்ற மா லாங்கின் பெயரோடு சேர்ந்திருப்பது, இழை உள்ளே இருக்கும் ஹரிக்கேன் லாங் 5. இருவரும் சீனர்கள், இருவரும் அட்டாக் ஆட்டக்காரர்கள், இருவரும் ஒலிம்பிக் சாம்பியன்கள். ஆனால் பிளேடு வேறு. "சாம்பியன் எதில் ஆடுறாரோ அதுவே நமக்கும்" என்ற வாதம் இங்கேயே அடிபட்டுப்போகிறது.

சரத் கமலும் சத்யனும் சொல்லும் பாடம்

வெளிநாடு வரை போக வேண்டாம். சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. அசந்தா சரத் கமல், ஜி.சத்யன் இருவருமே அட்டாக் ஆட்டக்காரர்கள். 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் இந்திய ஆண்கள் அணிக்குத் தங்கம் வாங்கித் தந்தவர்கள், ஆண்கள் இரட்டையரில் சேர்ந்தே வெள்ளி வென்றவர்கள். ஒற்றையரில் சரத் தங்கம், சத்யன் வெண்கலம்.

ஆனால் ஆட்டம் முற்றிலும் வேறு. உயரமான சரத் கமலின் பலம், தேவைப்பட்டால் மேசையிலிருந்து பின்னால் தள்ளி நின்று முழு உடம்பையும் சுழற்றி அடிக்கும் ஃபோர்ஹேண்ட். சத்யன் மேசையை ஒட்டி, தாழ நின்று, பந்து எழும்பும்போதே இரண்டு பக்கமும் சட்சட்டென்று திருப்புவார். அந்த வேக ஆட்டத்தின் பலத்தில்தான் 2019-ல் உலகத் தரவரிசையில் முதல் 25 இடங்களுக்குள் வந்த முதல் இந்தியர் ஆனார்.

தள்ளி நின்று ஆடுகிறவருக்கு, தூரத்திலிருந்தும் பந்தை எடுத்துச் செல்லும் பலம் பிளேடில் வேண்டும். ஒட்டி நின்று ஆடுகிறவருக்கு எதிராளியின் வேகமே பாதி உதவும். அவருக்கு வேண்டியது பேட் சட்டென்று திரும்புவதும், பந்து எந்தக் கோணத்தில் கிளம்பும் என்ற நம்பிக்கையும். இரண்டையும் "அட்டாக்" என்ற ஒரே சொல்லில் அடக்கி, ஒரே பிளேடைப் பரிந்துரைப்பது பொருந்தாது.

சரத் கமலின் நீண்ட பயணத்தில் இன்னொரு பாடமும் உண்டு. அவர் 2006 மெல்போர்னில் காமன்வெல்த் ஒற்றையர் தங்கம் வென்றபோது பந்து செல்லுலாய்டு. ரப்பரை உப்பவைத்து வேகம் கூட்டும் ஸ்பீடு குளூவுக்கு அனுமதி இருந்தது. 2008-ல் ஸ்பீடு குளூ தடை செய்யப்பட்டது. 2014-ல் பிளாஸ்டிக் பந்து வந்தது. அதில் ஸ்பின் சற்று குறைவு. 16 ஆண்டுகள் கழித்து, 40 வயதில், அந்தப் பந்தில் பர்மிங்ஹாமில் மறுபடியும் தங்கம் வென்றார். 2025 மார்ச்சில் சென்னையில் விடைபெறும் வரை, காலம் மாற மாற ஆட்டத்தையும் மாற்றிக்கொண்டே வந்தார். பழைய பந்தின் காலத்தில் யாரோ சொன்ன பிளேடு ஆலோசனை இன்றைக்கு அப்படியே பொருந்தாது என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. பிளாஸ்டிக் பந்து வந்த பிறகு இழை பிளேடுகளின் பக்கம் பலர் நகர்ந்ததற்கு, குறைந்துபோன வேகத்தையும் ஸ்பின்னையும் ஈடுகட்டும் தேவை ஒரு முக்கியக் காரணம்.

யாருக்கு எது பொருந்தும்?

*லூப்பை நம்பி ஆடுகிறவர்:* கட் ஆகி வரும் பந்தைத் தூக்கி, ஸ்பின் ஏற்றிப் புள்ளி எடுப்பவர் என்றால் ஐந்து அடுக்கு மர பிளேடு அல்லது இன்னர் வகை. வெளி மரம் லிம்பாவாக இருந்தால் இன்னும் நல்லது.

*மேசையை ஒட்டி இரண்டு பக்கமும் வேகமாக ஆடுகிறவர்:* நடுத்தரத் தடிமனில், எடை குறைந்த பிளேடு. வீச்சு சிறியதாகவே இருப்பதால் அவுட்டர் வகை இவருக்கு உதவும். ஆனால் சர்வீஸ் எடுக்கும்போது பந்து உயரக் கிளம்புகிறதென்றால் இன்னர் வகைக்கு மாறுவது நல்லது.

*பின்னால் தள்ளி நின்று முழு வீச்சில் அடிப்பவர்:* அவுட்டர் வகை ஏஎல்சி போன்றவை. உடம்பு பலமும் கால் வேகமும் இருந்தால் மட்டும்.

*தட்டையாக அடித்து, பிளாக் செய்து ஆடுகிறவர்:* ஏழு அடுக்கு மர பிளேடு. விலையும் பெரும்பாலும் இழை பிளேடுகளைவிடக் குறைவு.

இரண்டு வகைகளுக்கு நடுவே குழப்பம் வந்தால், வேகம் குறைந்ததை எடுப்பதே பாதுகாப்பு. வேகம் போதவில்லை என்றால், அடுத்த முறை ரப்பர் மாற்றும்போது கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். பிளேடில் கூடிப்போன வேகத்தை ரப்பரால் குறைப்பது அத்தனை எளிதல்ல.

பெட்டியில் எழுதியிருக்கும் எண்களை நம்பலாமா?

ஆல், ஆஃப் மைனஸ், ஆஃப், ஆஃப் பிளஸ் என்று வேகத்தை வகைப்படுத்தி எழுதியிருப்பார்கள். இதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்குப்படி போடுவது. ஒரு நிறுவனத்தின் "ஆஃப்", இன்னொன்றின் "ஆஃப் மைனஸ்" அளவுக்கே இருக்கலாம். ஒரே நிறுவனத்தின் இரண்டு பிளேடுகளை ஒப்பிட மட்டுமே இந்த எண்கள் பயன்படும்.

எளிய சோதனை ஒன்று உண்டு. ரப்பர் ஒட்டாத இரண்டு பிளேடுகளின் மேல் பந்தைத் தட்டிப் பார்த்தால், சத்தம் கீச்சென்று உயர்ந்து கேட்பது விறைப்பானது; "டொக்" என்று தாழ்ந்து கேட்பது வளைந்து கொடுப்பது.

எடையையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான அட்டாக் பிளேடுகள் 80 முதல் 95 கிராம் வரை இருக்கும். ஒரு பக்க ரப்பர், வெட்டி ஒட்டிய பிறகு, ஏறக்குறைய 45 முதல் 50 கிராம். 88 கிராம் பிளேடில் இரண்டு பக்கமும் 48 கிராம் ரப்பர் ஒட்டினால் மொத்தம் 184 கிராம் ஆகிவிடும். கெட்டியான சீன ரப்பர் ஒட்டினால் இன்னும் கூடும். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஐந்தாவது கேமில் அந்தக் கனம் மணிக்கட்டில் தெரியும். அந்த வயதில் 85 கிராமுக்குள் உள்ள பிளேடைத் தேடுவது நல்லது. ஒரே மாடலிலும் பிளேடுக்கு பிளேடு சில கிராம் வித்தியாசம் இருக்கும் என்பதால், வாங்கும்போது எடையைக் கேட்டு வாங்கலாம்.

கையில் பிடித்துப் பார்க்காமல் எப்படித் தேர்ந்தெடுப்பது?

அரியலூரிலிருந்து திருச்சி சுமார் 70 கி.மீ, சென்னை ரயிலில் ஏறக்குறைய 270 கி.மீ. பத்து பிளேடுகளை ஆடிப் பார்த்து வாங்கும் வாய்ப்பு சிறிய ஊர்க்காரர்களுக்கு எளிதில் அமையாது. பெரும்பாலும் ஆன்லைன்தான். ஆனால் வாங்குவதற்கு முன் செய்யக்கூடியவை இருக்கின்றன. எதற்கும் பணம் வேண்டாம்.

முதலில், மூன்று ஆட்டங்களை செல்போனில் படம் பிடிக்க வேண்டும். இழந்த புள்ளிகளை ஒரு நோட்டில் நான்கு கட்டமாகப் பிரித்து எழுத வேண்டும்: சர்வீஸ் எடுப்பதில் போனவை, முதல் லூப்பில் போனவை, ராலியில் போனவை, பின்னால் தள்ளப்பட்டு போனவை. முதல் இரண்டு கட்டங்கள் நிரம்பியிருந்தால், வேகமான பிளேடு அந்த நோயைக் கூட்டத்தான் செய்யும். கடைசிக் கட்டம் நிரம்பியிருந்தால், இப்போதுள்ள பிளேடில் பலம் போதவில்லை என்று யோசிக்க இடமிருக்கிறது.

அடுத்து, போட்டிகளுக்குப் போகும்போது மற்ற ஊர் ஆட்டக்காரர்களிடம் ஐந்து நிமிடம் பேட் கேட்டு ஆடிப் பார்க்கலாம். "அண்ணா, ஒரு பத்து பந்து அடிச்சுப் பார்க்கட்டா?" என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. அப்போது ஸ்மாஷ் அடித்துப் பார்ப்பதில் பயனில்லை. எல்லா பிளேடிலும் ஸ்மாஷ் நன்றாகத்தான் இருக்கும். நெட்டுக்குப் பக்கத்தில் குட்டையாக வரும் பந்தைக் குட்டையாகவே திருப்பிப் போட முடிகிறதா, கட் பந்தை நிதானமாக லூப் செய்ய முடிகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டும் வந்தால் மற்றவை தானாக வரும்.

மூன்றாவது, ஒரே நேரத்தில் பிளேடையும் இரண்டு ரப்பரையும் மாற்றக் கூடாது. எது ஒத்துவரவில்லை என்று தெரியாமல் போய்விடும். கைக்குத் தெரிந்த அதே வகை ரப்பரைப் புது பிளேடில் ஒட்டி ஆடினால்தான் பிளேடின் குணம் புரியும்.

நான்காவது, புது பிளேடு வந்ததும் கணக்கு வைக்க வேண்டும். கட் ஆகி வரும் 100 பந்துகளை லூப் செய்து, எத்தனை மேசையில் விழுகிறது என்று பழைய பேட்டிலும் புது பேட்டிலும் எண்ண வேண்டும். நாலு வாரம் கழித்தும் புதியதில் எண்ணிக்கை பழையதைவிடக் குறைவாகவே இருந்தால், "இன்னும் பழகலை" என்று சொல்லிக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை. முக்கியப் போட்டிக்கு ஒரு மாதத்துக்குள் எதையும் மாற்றாமல் இருப்பது உத்தமம்.

போலிகள் ஜாக்கிரதை

மரமும் இழையும் சேர்ந்த ஒரு நல்ல பிளேடு இந்தியாவில் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். நல்ல மர பிளேடு அதில் பாதிக்கும் கீழே கிடைக்கும். பிரபலமான பிளேடுகளுக்குப் போலிகளும் சந்தையில் உண்டு. பதினைந்தாயிரம் ரூபாய் பிளேடை யாராவது நாலாயிரத்துக்குத் தருகிறேன் என்றால் சந்தேகப்பட வேண்டும். நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரா என்று அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்துவைப்பது நல்லது. ரப்பர் ஒட்டும் முன்பே எடை, தடிமன், அடுக்குகள், கைப்பிடி ஒட்டு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு திருப்பி அனுப்புவது கஷ்டம்.

வந்த பிளேடைக் காப்பாற்றுவதும் முக்கியம். மரம் ஈரத்தை இழுக்கும், வெயிலில் உலரும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள்ளோ பைக் பெட்டியிலோ பேட்டை விட்டால் ஒட்டு விட்டுப்போகும், பிளேடு லேசாக வளையவும் செய்யும். வியர்வை பட்ட கைப்பிடியை ஆட்டம் முடிந்ததும் துடைத்துவிட வேண்டும். ரப்பரை உரிக்கும்போது மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே மெதுவாக உரித்தால் சிராய் கிளம்பாது.

எப்போது மாற்றக் கூடாது?

"ஆடத் தெரியாதவளுக்குத் தெரு கோணல்" என்று கிராமத்தில் சொல்வார்கள். தோற்ற ஆட்டத்துக்கு மறுநாள் பிளேடு தேடுவது பெரும்பாலும் அந்த வகைதான். ரப்பர் தேய்ந்து வழவழப்பாகியிருந்தாலும் "பேட் போயிடுச்சு" என்றுதான் தோன்றும். ரப்பரை மாற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் பிளேடைப் பற்றி யோசிக்கலாம்.

பேட் கையில் இருப்பதே தெரியாமல், எதிராளியின் பேட்டை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு செட் முழுவதும் ஆட முடிகிறது என்றால், அந்தப் பிளேடின் விலை என்னவாக இருந்தாலும் அதை மாற்ற வேண்டியதில்லை. அந்தப் பணத்தைப் புது ரப்பருக்கும், அடுத்த போட்டிக்குப் போய்வரும் பயணச் செலவுக்கும் வைத்துக்கொள்ளலாம்.